சின்னியம்பாளையம்

சத்தி ரோட்டில் கணபதி வழியாகவே கோவைக்குப் போய்வரும் நாம், அவிநாசி ரோட்டில் விமான நிலையத்துக்குக் கிழக்கேயுள்ள சின்னியம்பாளையத்தை அதிகம் கண்டதில்லை.

1930-களில் பைகாரா மின்சாரம் வந்தது. பீளமேடு, சிங்காநல்லூர் வட்டாரமெங்கும் பஞ்சாலைகள் எழுந்தன. ஏர் பிடித்த குடியானவன் மக்கள் ஆலைச் சங்கு கேட்டு ஓடும் தொழிலாளரானார்கள், பெண்களுந்தான். சங்கம் வந்தது. கூடவே முதலாளியின் அடியாட்களும் வந்தார்கள். பெண்களின் மானத்தில் கைவைத்தார்கள். தொழிலாளர் பொறுக்கவில்லை, மோதலில் அடியாள் ஒருவன் மாண்டான். அதற்காகச் சின்னையன், ராமையன், வெங்கடாசலம், ரங்கண்ணன் ஆகிய நால்வரையும் 1946 ஜனவரி 8-ல் கோவைச் சிறையில் வெள்ளை ஆட்சி தூக்கிலிட்டது. சுதந்திரத்துக்குப் பத்தொன்பதே மாதம் இருந்தது!

இன்று அங்கே சென்ட் என்ன விலை என்றே பேச்சு. மனை விற்பவர் இந்த நால்வரைச் சொல்வாரா? ஜனவரி 8-ல் நாம் போகிறோம். சத்தியிலிருந்து விடியற்காலை பஸ்ஸிலேயே புறப்பட வேண்டும். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.