முதுமையில் கீமோ சிகிச்சை: சொல்லாமல் பொறுப்பது பொறுமையா?

 

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் நம் மஹல்லாவின் முதியவர்களைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச நாடுகிறோம். அந்நோயின் பெயரைச் சொல்லவே நாக்கூசிய காலம் ஒன்றிருந்தது. அக்காலத்தில்தான், 1954-இல், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. டாக்டர் சாந்தா அவர்கள் 2021-இல் மறையும்வரை அங்கேயே உழைத்தார்கள். இன்றோ மணவூரில் இரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. காஞ்சிபுரத்துக் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரிலான அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையும் கைகொடுக்கிறது. ஆயினும், மருந்து ஏற்றிக்கொண்டு வீடு திரும்பிய பிறகு வரும் நாட்களே கடினமானவை.

இம்மருந்துகளில் முதலாவது, 1940-களில் போர்க்கால நச்சு வாயு ஆராய்ச்சியின் வழியே பிறந்ததாகும். வேகமாகப் பெருகும் அணுக்களை அது அழிக்கும். நோயணு எது, நல்லணு எது என்று முற்றாகப் பிரித்தறியாது. எனவேதான் முடி உதிர்கிறது, வாய் புண்ணாகிறது, வயிறு குமட்டுகிறது. முடி உதிர்வதைக் கண்டே வீட்டார் அதிகம் கலங்குகின்றனர். அது பெரும்பாலும் மீண்டும் முளைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத குறைவே அஞ்சத்தக்கது. மருந்து ஏற்றிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரையிலான காலத்தில், பெரும்பாலும் இரத்தத்தின் வெள்ளையணுக்கள் மிகவும் தாழ்ந்துவிடுகின்றன. அப்போது சிறு கிருமியும் உயிரைப் பறிக்கும்.

நம்மில் ஒரு பெரியவர், மூன்றாம் முறை மருந்தேற்றிய பத்தாம் நாள் இரவு காய்ச்சலால் நடுங்கினார். மகனை எழுப்பவில்லை. வீட்டிலிருந்த மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டுப் போர்த்திப் படுத்துக்கொண்டார். விடிந்தபோது அவரால் எழ இயலவில்லை. மருத்துவமனையில் எட்டு நாட்கள் கிடந்து, அல்லாஹ்வின் அருளால் மீண்டார். பின்னர் நாம் விசாரித்தபோது, "பகலெல்லாம் உழைத்து வந்த பிள்ளை, தூங்கட்டும் என்று ஸப்ரு செய்தேன் ஹழ்ரத்" என்றார்.

பெரியோர்களே, இது ஸப்ரு அன்று. ஸப்ரு என்பது நோயைக் குறித்து இறைவன்மீது குறைகூறாதிருப்பது, மருத்துவரிடம் மறைப்பதன்று. நோயுற்றால் மருந்து தேடுமாறு நபி (ஸல்) அவர்களே பணித்துள்ளார்கள். தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி காட்டினால் அது இரவோ பகலோ, உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். தாமாக மாத்திரை போட்டால் காய்ச்சல் மறையும், கிருமி மறையாது. முதியவர்களுக்குச் சில வேளை காய்ச்சலே வராமல் நடுக்கமும் தடுமாற்றமும் மட்டும் வரும். அதையும் அலட்சியம் செய்யலாகாது.

குமட்டலுக்குரிய மாத்திரையை வாந்தி வந்தபின் தேடாமல், மருத்துவர் சொன்ன நேரத்திலேயே விழுங்கிவிட வேண்டும். வயதானால் தாக உணர்வு குறையும். தாகமில்லை என்று தண்ணீர் குடிக்காதிருந்தால் சிறுநீரகம் கெடும். சர்க்கரை நோயுள்ளவர்கள் கவனிக்க: மருந்தோடு தரப்படும் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும். வாய்ப்புண்ணுக்கு உப்பு நீரால் கொப்பளித்து, காரத்தை ஒதுக்கி, குழைந்த சோற்றைச் சிறிது சிறிதாக உண்ணலாம். பாதம் மரத்துப்போனவர்கள் வழுக்கும் ஹவ்ளுக் கரையில் ஒளூச் செய்யத் துணியவேண்டாம். நாட்டு மருந்து உண்பவர்கள் அதை மருத்துவரிடம் ஒளிக்காதீர்கள். அவர் கோபிப்பாரே என்பதற்காக உயிரைப் பணயம் வைக்கலாமா?

ரமளானில் இவர்கள் படும் சங்கடத்தை நாம் அறிவோம். அல்பகரா அத்தியாயத்தில் நோயாளிக்கு நோன்பை விட அனுமதி தெளிவாக உள்ளது. குணமானால் களாச் செய்யலாம். குணமாகும் நம்பிக்கை இல்லாதோர் ஒரு நோன்புக்கு ஓர் ஏழை வீதம் உணவளித்து ஃபித்யா கொடுக்கலாம். நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம். தண்ணீர் தீங்கு செய்யுமாயின் தயம்மும் உண்டு. வெள்ளையணு குறைந்த நாட்களில் ஜும்ஆவின் கூட்டத்திற்கு வராமல் வீட்டிலேயே ளுஹர் தொழுவதற்கும் தடையில்லை.

நலம் விசாரிக்கச் செல்வோருக்கும் ஒரு வேண்டுகோள். நோயாளியைச் சந்திப்பது சுன்னத்துதான். ஆனால் சளியும் இருமலுமாகச் சென்று, முஸாபஹா செய்து, கட்டிலில் அமர்ந்து, ஊரிலுள்ள புற்றுநோய் மரணங்களையெல்லாம் எண்ணிச் சொல்வது எந்த சுன்னத்திலும் இல்லை. வாசலிலிருந்தே ஸலாம் சொல்லி, துஆச் செய்து திரும்புங்கள். இயன்றவர்கள் பரிசோதனை நாளில் சென்னைவரை துணைக்குப் போங்கள்.

பிள்ளைகளே, உங்கள் அத்தாவும் அம்மாவும் தாமாகச் சொல்லமாட்டார்கள். அந்த இரு வாரமும் காலையிலும் இரவிலும் நீங்களே காய்ச்சல் அளந்து, நாளும் வெப்பமும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். கடைசி இரயில் போய்விட்டதே என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமானால் எந்நேரமும் பள்ளிவாசல் கதவைத் தட்டுங்கள், நாம் எழுந்து வருவோம். வஸ்ஸலாம்.