கறுப்பு அங்கியும் கந்தோர் மணியும்

தெமட்டகொடையிலிருந்து புதுக்கடை நீதிமன்றங்கள் வெகுதூரமில்லை. ஆயினும், சட்டம் பயின்றோர் எல்லோரும் அங்கே வாதாடச் செல்வதில்லை. வங்கிகளிலும் நிறுவனங்களிலும் மாதச் சம்பளத்துக்கு அமர்வோரும் உளர். அத்தகைய ஒருவர், மாலையில் கந்தோர் கலைந்த பின்னரும் ஒப்பந்தங்களைச் சரிபார்த்துக்கொண்டிருப்பாராயின், அவ்வேலைக்கு ஊதியம் உண்டா?

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம், வேலை நேரத்தை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என வரையறுத்தது. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் உண்டு. நிறைவேற்றுப் பதவி வகிப்போர் பொதுவாக இவ்வுரிமைக்குப் புறம்பானவர். ஆகவே, பதவிப்பெயர் மாறினால் மாலைநேர உழைப்பு ஊதியமற்றதாகிவிடக்கூடும்.

பதவியை விட்டுத் தொழிலையே அளவுகோலாகக் கொண்ட நாடும் உண்டு. அமெரிக்காவில், 1938ஆம் ஆண்டுத் தொழிற்சட்டத்தின்கீழ், வாரத்தில் 40 மணிக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு ஊதியம். ஆனால், உரிமம் பெற்றுச் சட்டத்தொழில் புரிபவருக்கு, சம்பளம் எத்துணைச் சிறிதாயினும், அவ்வுரிமை இல்லை.

இலங்கையில் பிரக்கிராசி, அப்புக்காத்து என்னும் இரு பிரிவினரும் 1974இல் ஒன்றாகிச் சட்டத்தரணிகள் ஆயினர். பெயர் ஒன்றாயிற்று, பணி ஒன்றாகவில்லை. கட்சிக்காரருக்காகத் தனித்து வாதாடுபவர் தம் நேரத்துக்குத் தாமே எசமானர். வரவுப் பதிவேட்டில் ஒப்பமிட்டு வேலை தொடங்குபவரின் நேரமோ பிறர் கையில் இருக்கிறது.

எனவே, நியமனக் கடிதத்தில் பதவியின் பெயரை மட்டும் கண்டு மகிழ்தல் போதாது; பணியும் நேரமும் எவ்வாறு எழுதப்பட்டுள்ளன என்பதையும் நோக்குதல் வேண்டும். பிறர் ஒப்பந்தங்களை நுணுகிப் படிப்பவர், தமது ஒப்பந்தத்தைப் படியாது விடலாகாது அல்லவா?