பித்தும் பிணியும்

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்குச் சில சொற்கள் எளிதில் வசப்படுவதில்லை. அவற்றுள் ஒன்று, ஆங்கிலச் சட்டங்களில் நெடுங்காலம் வழங்கிய 'லூனடிக்' என்னும் சொல். 'லூனா' என்றால் லத்தீனில் திங்கள். திங்களின் வளர்பிறையும் தேய்பிறையும் மனிதன் மனத்தை ஆட்டிவைக்கின்றன என்ற பழைய நம்பிக்கையே அச்சொல்லுக்கு வேர். அமாவாசை நெருங்கினால் 'அவனுக்கு அதிகமாகிவிடும்' என்று நம் ஊர்த் திண்ணைகளில் பேசிக்கொள்வதை எண்ணினால், ஐரோப்பியரை நகைக்க நமக்கு உரிமையில்லை.

1912-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் அச்சொல்லுக்குத் தந்த இலக்கணம் யாதெனில், மூடன் அல்லது சித்த சுவாதீனம் இல்லாதவன் என்பதே. சித்த சுவாதீனம் என்பது யாது என்று கேட்டால், சட்டம் மௌனம் சாதித்தது. ஒரு சொல்லுக்குப் பொருளாக மற்றொரு சொல்லை வைத்துவிட்டு அகன்றுவிடுவது அகராதிக்காரர்களுக்கு மட்டும் உரிய குற்றமன்று போலும்!

திங்களை விட்டு உடலுக்கு வருவோம். பண்டைக் கிரேக்க மருத்துவர்கள் உடலில் நான்கு நீர்கள் உண்டு எனக் கொண்டனர். அவற்றுள் கரிய பித்தம் மிகுந்தால் தீராத் துயரம் மனத்தைப் பற்றும் என்றனர். 'மெலங்கோலியா' என்ற சொல்லின் நேர்ப்பொருளே கரும்பித்தம் என்பதுதான். தமிழிலோ, பித்து என்ற சொல்லே பித்தத்தினின்று பிறந்தது. பைத்தியம் என்பதும் அவ்வழி வந்ததே. கடலுக்கு அப்பாலும் இப்பாலும் மக்கள் ஒரே நீரின்மேல் பழி போட்டிருக்கிறார்கள். ஆனால் நம்மவர் அச்சொல்லுக்கு வேறொரு வாசலையும் திறந்து வைத்தனர். சுந்தரர் இறைவனையே பித்தன் என்று விளித்தார். வசையாகவும் வழிபாடாகவும் ஒரே சொல் நிற்பது மொழிபெயர்ப்பாளனுக்குப் பெருந்தொல்லை. வேறு மொழியில் இதற்கு ஈடு தேடி நாம் பலமுறை தோற்றிருக்கிறோம்.

சரக சம்ஹிதை உன்மாதத்திற்குக் கூறும் இலக்கணம் இன்றும் படிக்கத் தக்கது. மனம், புத்தி, உணர்வறிவு, நினைவு, பற்று, சீலம், செயல், ஒழுக்கம் ஆகிய எட்டும் நிலைதடுமாறுவதே உன்மாதம் என்கிறது அது. நோயாளி யார் என்று சொல்லாமல், நோயில் எவையெவை குலைகின்றன என்று சொன்ன நேர்த்தியைக் காண்க. அந்நூல் உன்மாதத்தை ஐந்தாக வகுத்து, ஐந்தாவதை வெளியிலிருந்து வந்து பற்றுவது என்கிறது. தேவர், கந்தருவர், அரக்கர் முதலியோர் பற்றுவது அவ்வகை. ஆயினும், தன் பிழையால் நோயுற்றவன் தேவரையும் அரக்கரையும் பழித்தல் ஆகாது என்றும் அதே நூல் எச்சரிக்கின்றது. பேய்க்கும் இடங்கொடுத்து, பேயின்மேல் பழி போடாதே என்றும் சொன்ன மருத்துவ நூல் அது.

நோய் இன்னதென வரையறுப்பது மருத்துவர் கையில் மட்டும் இருக்கிறதா? 1851-இல் அமெரிக்காவின் தென்பகுதியில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர் 'டிராப்டோமேனியா' என்றொரு புதிய நோயைக் கண்டதாக எழுதினார். அந்நோயின் அறிகுறி ஒன்றே: கறுப்பின அடிமை தன் எசமானனை விட்டு ஓடிப்போக விரும்புவது! விடுதலை வேட்கைக்கு நோய்ப்பெயர் சூட்டியவர் மருத்துவம் கற்றவர் என்பதை மறவாதிருப்போம். அதே நாட்டில், தன்பால் விருப்பத்தை மனநோய்ப் பட்டியலிலிருந்து மனநல மருத்துவர் சங்கம் நீக்க 1973 வரை காலம் பிடித்தது. பட்டியலில் பெயர் இருந்த நாள்வரை கோடிக்கணக்கானோர் நோயாளர்; மறுநாள் அவர்கள் நலமுடையோர்.

இவ்வரலாற்றை உணர்ந்தே நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எழுதப்பட்டது போலத் தோன்றுகிறது. சிந்தனை, உணர்ச்சிநிலை, புலனுணர்வு, இடங்காலத் தெளிவு, நினைவு ஆகியவற்றுள் ஏற்படும் பெருங்குலைவு, ஒருவருடைய தீர்ப்பறிவையோ நடத்தையையோ மெய்ம்மையை அறியும் ஆற்றலையோ அன்றாட வாழ்வை நடத்தும் திறனையோ மிகவும் கெடுக்குமாயின் அதுவே மனநோய் என்கிறது சட்டம். சரகரின் பட்டியலுக்கு இது எத்துணை அருகில் நிற்கிறது! அன்றியும், ஒருவருடைய அரசியல், பொருளாதார, சமூக நிலையையோ, அவர் சார்ந்த இனத்தையோ மதத்தையோ கொண்டு அவரை மனநோயாளி எனத் தீர்மானித்தல் கூடாது; ஊராரின் ஒழுக்க நெறியோடு அவர் ஒத்துப்போகாமையும் அதற்குக் காரணமாகாது என்றும் விதித்துள்ளது. கார்ட்ரைட்டுக்கு அளிக்கப்பட்ட விடையாகவே நாம் அதனைப் படிக்கிறோம்.

சட்டம் சங்கிலியையும் தடைசெய்கிறது. பாரிஸ் நகரத்து பிசேத்ர் மருத்துவ இல்லத்தில் நோயாளிகளின் சங்கிலிகளை 1797-இல் அகற்றியவர் புஸ்ஸேன் என்ற மேற்பார்வையாளர். புகழ் என்னவோ அவருடைய தலைவர் பினேல் என்ற மருத்துவரைச் சேர்ந்தது. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர், 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் இல்லம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலாது மாண்டவர்கள் 28 பேர். அதைப் பற்றி மேலும் சொல்ல நமக்கு நா எழவில்லை.

சொற்கள் மாறிவந்தன. 1922-இல் சட்டத்தில் 'பைத்தியக்கார விடுதி' என்பது 'மனநோய் மருத்துவமனை' ஆயிற்று. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் 'லூனடிக்' என்ற சொல்லையே ஒழித்தது. வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்க்குச் சொல்லோடு மொழியும் சேர்ந்தே தடையாகிறது. அது குறித்து ஒன்று சொல்வோம்.

சில ஆண்டுகளுக்கு முன், தில்லியில் தையல் தொழில் செய்துவந்த தமிழர் ஒருவரையும் அவர் மனைவியையும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, அவர்களுக்கும் மருத்துவருக்கும் இடையே பேச்சைப் பெயர்த்துச் சொல்ல நேர்ந்தது. அவருக்கு மூன்று மாதமாக உறக்கமில்லை. பக்கத்து வீட்டார் சுவருக்கு அப்பாலிருந்து தம்மை இழித்துப் பேசுவதாகக் கூறினார். பக்கத்து வீட்டார் இந்திக்காரர். "அவர்கள் எந்த மொழியில் பேசுகிறார்கள்?" என்று மருத்துவர் வினவினார். "தமிழில்தான்" என்றார் அவர். மருத்துவரின் பேனா சற்றே நின்றது.

மருத்துவர் கூறிய முடிவை, 'இவருக்கு மனநோய்' என்று நாம் சுருங்கப் பெயர்த்தோம். அந்த அம்மையார் எழுந்துவிட்டார். "இவரைப் பைத்தியம்னா சொல்றீங்க, அண்ணா?" என்று கேட்டுவிட்டு, கணவரின் கையைப் பற்றி வெளியே நடந்தார். அவர்கள் ஊருக்குப் போய்விட்டதாகப் பின்னர் அறிந்தோம்.

2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கப்பெற்ற 'டெலி மானஸ்' என்னும் அரசுத் தொலைபேசி உதவி அந்நாளில் இல்லை. இன்று 14416 என்ற எண்ணை எம்மாநிலத்திலிருந்தும் அழைத்து, தமிழைத் தேர்ந்து பேசலாம். இடையில் நம்போன்ற ஒருவர் வேண்டுவதில்லை.

அவர்கள் ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தார்கள். அவர் பாதியாக இளைத்திருந்தார். இம்முறை, உறக்கத்தையும் செவியையும் ஏமாற்றும் நோய் ஒன்று இருக்கிறது, அதற்கு மருந்தும் இருக்கிறது என்று மருத்துவர் விரித்துரைத்ததை அவ்வாறே விரித்துச் சொன்னோம். அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மாத்திரை எத்தனை நாளைக்குச் சாப்பிடணும்னு கேளுங்க, அண்ணா" என்றார். கேட்டோம். மருத்துவர் சொன்ன விடையில் ஒரு சொல்லையும் சுருக்காமல் பெயர்த்தோம்.