பிள்ளைக்கு இரண்டு பிறந்த நாள்

சொந்த ஊரை விட்டு வெளிமாநிலங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் ஆண்டுக்கு ஒரு முறை ஒரு சிறு வழக்கு எழுவதுண்டு. வாதி குழந்தை, பிரதிவாதி வீட்டுப் பெரியவர்கள். பிறந்த நாளை என்றைக்குக் கொண்டாடுவது என்பதே வழக்கு. பள்ளிக்கூடப் பதிவேட்டில் எழுதிய தேதியிலா? பஞ்சாங்கத்தில் ஜன்ம நட்சத்திரம் வரும் நாளிலா? எங்கள் வீட்டில் இவ்வழக்கு 1965-ஆம் ஆண்டில் நடந்தது. வாதி நான்தான். அது தீர்ந்த விதத்தை இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

அப்போது நாங்கள் கல்கத்தாவில், கிடர்பூரில் குடியிருந்தோம். அந்நகரின் பெயர் 2001-ஆம் ஆண்டில் கொல்கத்தா என்று ஆனதை நேயர்கள் அறிவீர்கள். 1892-இல் திறக்கப்பட்ட கப்பல் துறையை ஒட்டி வளர்ந்த பேட்டை கிடர்பூர். கப்பலின் சங்கொலி எங்கள் வீட்டுக் கூடம்வரை கேட்கும். என் தந்தையார் பண்டகசாலை ஒன்றில் கணக்கர். கப்பல் வரும் நேரமே அவருக்கு அலுவல் நேரம். தீபாவளியாயினும் பொங்கலாயினும் அது மாறுவதில்லை.

நான் பிறந்தது 1956 ஜனவரி 22. தை மாதம், கார்த்திகை நட்சத்திரம். 1964-இல் தேதியும் நட்சத்திரமும் அடுத்தடுத்த நாட்களில் வந்தமையால் வழக்குக்கு இடம் இருக்கவில்லை. அந்த ஆண்டு, மாலையில் எங்கேனும் அழைத்துப் போவதாக அப்பா வாக்களித்திருந்தார். நான் சட்டை மாற்றிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கப்பல் வந்துவிட்டது. அவர் வீடு திரும்பியபோது நான் படியிலேயே உறங்கிப்போயிருந்தேனாம். பிற்காலத்தில் அம்மா சொல்லக் கேட்டது இது. அப்பா அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

மறு ஆண்டு சிக்கல் பெரிதாயிற்று. என் நட்சத்திரம் பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்குப் போய்விட்டது. இதன் கணக்கு எளியதே. சந்திரன் 27 நட்சத்திரங்களையும் ஒரு முறை சுற்றிவர ஏறக்குறைய 27 நாளும் எட்டு மணி நேரமும் ஆகிறது. பதின்மூன்று சுற்று முடிய 355 நாட்கள். ஆகவே நட்சத்திரம் ஆண்டுதோறும் பத்து நாள் முன்னதாக வந்துகொண்டிருக்கும். அப்படி வந்து, பிறந்த தமிழ் மாதத்தின் எல்லையைத் தாண்டி முன்மாதத்தில் விழுந்துவிட்டால், அடுத்த சுற்றையே பிறந்த நாளாகக் கொள்வார்கள். அப்போது அது தேதிக்குப் பதினேழு நாள் பிந்திவிடும். எனக்கு நேர்ந்தது இதுவே.

ஒன்பது வயதுப் பையனுக்கு இந்தக் கணக்கு எப்படி விளங்கும்? ஜனவரி 22 அன்று காலையில் பாட்டி எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடவேயில்லை. "நட்சத்திரம் வரட்டும், ராஜா. இன்றைக்கு உனக்குப் பிறந்த நாள் இல்லை" என்றாள். இந்தத் தேதியைப் பள்ளித் தோழர்களிடம் பறைசாற்றி வைத்திருந்தவன் நான். அடுத்த வீட்டு வங்காளி அம்மையாரின் மகனும் அவர்களுள் ஒருவன். அன்று மாலை அந்த அம்மையார் ஒரு வெண்கலக் கிண்ணத்தோடு எங்கள் வாசலில் நின்றார். உள்ளே பாயேஷ். குளிர்காலத்தில் ஈச்சமரத்துச் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் புது வெல்லத்தில் செய்தது. நம் பாயசத்தின் உடன்பிறப்பு. நெல்லும் அறுகம்புல்லும் கொண்டுவந்து என் தலையில் இட்டு வாழ்த்தினார். அது வங்காளத்து முறை.

பாட்டிக்கு முகம் சுருங்கிவிட்டது. அம்மா தயங்கித் தயங்கி விஷயத்தை எடுத்துச் சொன்னாள். அதைக் கேட்ட அந்த அம்மையார் சிரித்தார். "எங்கள் ரவீந்திரநாதருக்கும் இரண்டு பிறந்த நாள் உண்டே!" என்றார். உண்மைதான். கவியரசர் தாகூர் பிறந்தது 1861 மே 7. ஆனால் மேற்கு வங்காளம் அவரைக் கொண்டாடுவது வங்காளப் பஞ்சாங்கத்தின்படி வைசாக மாதம் 25-ஆம் நாள். அது பெரும்பாலும் மே 8 அல்லது 9-ஆம் தேதி வருகிறது. பாட்டி சற்று நேரம் யோசித்துவிட்டு, பாயேஷில் ஒரு கரண்டி எடுத்துத் தன் கையாலேயே எனக்கு ஊட்டினாள்.

அன்றிரவு அப்பா பஞ்சாங்கத்தையும் தம் அலுவல் முறைத்தாளையும் அருகருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தேதியும் நட்சத்திரமும் அவர் கையில் இல்லை. ஆனால் இரண்டுக்கும் நடுவே, ஜனவரி 31-ஆம் தேதி, ஒரு ஞாயிறு அவருக்கு ஓய்வாக இருந்தது. "அன்று நம் வீட்டுக்கென்று ஒரு நாள். எங்கே போகலாம், நீயே சொல்" என்று என்னைக் கேட்டார். அதுவரை அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. நட்சத்திரக் காட்சிக்குப் போய்விட்டு, ஓட்டலில் மசால் தோசை சாப்பிட வேண்டும் என்று நான் சொன்னேன்.

நட்சத்திரக் காட்சி என்றது பிர்லா கோளரங்கத்தை. சாஞ்சி ஸ்தூபியின் வடிவில் கட்டப்பட்ட அந்த மண்டபத்தை 1963 ஜூலை 2 அன்று பண்டித நேரு திறந்துவைத்தார். நகரமெங்கும் அதைப் பற்றியே பேச்சாக இருந்த காலம்.

ஞாயிறு பிற்பகல் நால்வரும் புறப்பட்டோம். கிடர்பூர் டிராமுக்கு ஒரு பெருமை உண்டு: கல்கத்தாவின் முதல் மின்சார டிராம் 1902 மார்ச் 27 அன்று எஸ்பிளனேடிலிருந்து கிடர்பூருக்குத்தான் ஓடியது. எப்போதும் இரண்டாம் வகுப்பில் ஏறும் அப்பா அன்று முன்வண்டியில், முதல் வகுப்பில், எங்களை ஏற்றினார். மைதானத்தின் புல்வெளியில் டிராம் மணியடித்துக்கொண்டு சென்றது. பாட்டி இருக்கையின் மெத்தையைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கோளரங்கத்தினுள் விளக்குகள் மெல்ல மங்கின. கவிந்த கூரை முழுதும் வானமாயிற்று. விளக்கவுரை வங்காள மொழியில். எனக்குத் தெருவில் பழகிய வங்காளம் உண்டு. பாட்டிக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆதலால் நான் அவள் காதோரம் குனிந்து ஒவ்வொன்றாய்த் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். இது வியாழன், இது செவ்வாய் என்று எனக்கு விளங்கிய மட்டில் சொன்னேன். திடீரென்று, ஒளி அம்பு ஒன்று உச்சியில் ஒரு சிறு மீன்கொத்தைச் சுட்டியது. "கிருத்திகா" என்றார் விளக்கம் சொன்னவர். நான் வாய் திறக்குமுன் பாட்டி உரக்க, "கார்த்திகை!" என்றாள். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அதைக் கவனிக்கவில்லை. இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "உன் நட்சத்திரமடா" என்றாள்.

ஒன்பது ஆண்டுகளாக அவள் கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லிவந்த பெயர் அது. எனக்கோ அதுவரை அது என் ஆசைக்குக் குறுக்கே நின்ற ஒரு பஞ்சாங்கச் சொல்லாக மட்டுமே இருந்தது. அன்றுதான் அதை ஒளியாகக் கண்டேன். நம் முன்னோர் அறுமீன் என்று அழைத்த அந்தக் கூட்டத்திலிருந்து ஒளி இங்கு வந்து சேர ஏறக்குறைய 440 ஆண்டுகள் ஆகின்றன என்பதைப் பின்னர் படித்தேன். அந்த ஆண்டு கிடர்பூர் மொட்டைமாடியில் நாங்கள் கண்ட கார்த்திகையின் ஒளி, கிருஷ்ணதேவராயர் விஜயநகரத்தை ஆண்ட காலத்தை ஒட்டிப் புறப்பட்டது.

அங்கிருந்து தெற்கே, லேக் மார்க்கெட்டுக்குப் பேருந்தில் சென்றோம். வாழையிலை, கறிவேப்பிலை, முருங்கைக்காய், காப்பிப்பொடி என்று தமிழர் தேடுவதெல்லாம் கிடைக்கும் கடைவீதி அது. தென்னிந்தியச் சிற்றுண்டி விடுதிகளும் அங்கு உண்டு. பாட்டி அதுவரை ஓட்டல் படி ஏறியவள் அல்லள். "காப்பி மட்டும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவள், பேரனின் நாள் என்று இரண்டு இட்டலிக்கு இசைந்தாள். "சாம்பாரில் வெல்லம் போட்டிருக்கிறான்" என்று தீர்ப்பும் கூறினாள். ஆயினும் இலையில் ஒன்றும் மீதி வைக்கவில்லை. அப்பா இரண்டாவது தோசை வேண்டுமா என்று என்னைக் கேட்டார். தமக்கு ஒரு காப்பி மட்டும் சொன்னார். அதன் பொருள் எனக்கு விளங்க இருபது ஆண்டுகள் ஆயின.

பிப்ரவரியில் நட்சத்திரம் வந்தது. எண்ணெய் நீராட்டு, பாயசம், நமஸ்காரம் எல்லாம் முறைப்படி நடந்தன. நான் முணுமுணுக்கவில்லை. முதல் கிண்ணம் பாயசத்தை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னாள் பாட்டி. அடுத்த கோடையில் அவள் ஊருக்குத் திரும்பிவிட்டாள்; மறுபடி கல்கத்தா வரவில்லை.

நேயர்களே, வெளியூரில் பிள்ளை வளர்க்கும் பெற்றோர்களுக்கு நான் இதிலிருந்து சொல்லக்கூடியது சிறிதே. குழந்தையின் தேதியைப் பெரியவர்கள் பழிக்க வேண்டாம். அது அவன் தோழர்கள் நடுவே வாழும் நாள். நட்சத்திரத்தைக் குழந்தை பழிக்காதபடி, அதை வானத்தில் ஒரு முறை காட்டிவிடுங்கள். தை மாத முன்னிரவில் கார்த்திகை தலைக்கு மேலேயே நிற்கும், கட்டணம் ஏதுமில்லை. இரண்டு நாளும் வாய்க்காவிட்டால், உங்களுக்கு ஓய்வு கிடைக்கும் நாளைக் கொடுங்கள். ஆனால் கொடுப்பதாகச் சொன்னால் கொடுத்துவிடுங்கள்.

சென்ற தை மாதம் என் பேத்தியை அழைத்துக்கொண்டு கொல்கத்தா சென்றிருந்தேன். 2020-ஆம் ஆண்டு அம்பன் புயலில் சேதமுற்றபின் கிடர்பூர் டிராம் ஓடுவதில்லை. வாடகைக் காரில்தான் போனோம். கோளரங்கம் இருக்கிறது. வங்காளம் அறியாத அவளுக்கு நான் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். "தாத்தா, என் நட்சத்திரம் எது?" என்று கேட்டாள். அவளுடையது ரோகிணி. கார்த்திகைக்கு அடுத்தாற்போல், செம்மையாக ஒளிரும் மீன். இருட்டில் அவள் கையைத் தேடிப் பிடித்துக் காட்டினேன்.