மூன் ஆற்றின் வாய்



இந்தக் கூட்டத்தின் அழைப்பிதழைப் பார்த்துவிட்டு என் அண்ணன் கேட்டார்: “அணையை எதிர்த்தா பேசப் போறே? நாம தின்ன சோறே மேட்டூர்த் தண்ணியில வெளஞ்சதுதானடா!” நியாயமான கேள்வி. நான் டெல்டாக்காரன். ஜூன் 12-இல் மேட்டூர் ஷட்டர் ஏறியதா என்று காலண்டரைப் பார்த்து வளர்ந்தவன். ஆனால் அதே மேட்டூரில் நீர் வற்றுகிற வருஷங்களில் ஒரு நந்தி தலைகாட்டும், ஒரு தேவாலயக் கோபுரம் எழும். செய்தித்தாளில் படம் வரும், நாமும் வியந்து பார்ப்போம். அந்தக் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் போய்வந்த சனங்கள் எங்கே போனார்கள் என்று எங்கள் வீட்டில் ஒருநாளும் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அந்த வெட்கத்தோடுதான் இங்கே நிற்கிறேன்.

நான் பேச வந்தது தாய்லாந்தைப் பற்றி. அந்த நாட்டின் வடகிழக்கில் ஈசான் என்றொரு வறண்ட சீமை. அதன் வழியே ஓடுகிறது மூன் ஆறு. அந்த நாட்டு மொழியில் ஆற்றை ‘மே நாம்’ என்கிறார்கள். ‘மே’ என்றால் அம்மா, ‘நாம்’ என்றால் நீர். ‘பாக்’ என்றால் வாய். மூன் ஆறு மீகாங் நதியில் கலக்கும் இடம் பாக் மூன், அதாவது மூனின் வாய். அந்த வாய்க்கு ஐந்தரை கிலோமீட்டர் மேலே, 1994-இல், 17 மீட்டர் உயரத்தில் ஓர் அணையைக் கட்டி முடித்தார்கள். கட்டியது தாய்லாந்து மின்சார உற்பத்தி ஆணையம். கடன் கொடுத்தது உலக வங்கி.

17 மீட்டர் ஒன்றும் பெரிய உயரம் இல்லை என்று நமக்குத் தோன்றும். மீனிடம் கேட்டால் வேறு பதில் வரும். மழைக்காலம் தொடங்கியதும் மீகாங்கிலிருந்து மீன்கள் கூட்டங்கூட்டமாக மூன் ஆற்றுக்குள் ஏறிவரும். பாறைகளுக்கிடையே நீர் சீறிப் பாயும் இடங்கள்தான் அவற்றுக்குப் பிரசவ அறை. கரையில் இருந்த சனங்கள் மீனை உப்பிட்டு ஊறவைத்து, நெல் விளையும் ஊர்களுக்குக் கொண்டுபோய் அரிசியாக மாற்றிவருவார்கள். காசு கைமாறாத பிழைப்பு. அதனால்தான் எந்தத் திட்ட அறிக்கையிலும் அதற்கு விலை போடத் தெரியவில்லை.

மீன் ஏறிப்போக அணையில் ஒரு ‘மீன் ஏணி’ வைத்தார்கள். படிப்படியாகக் கான்கிரீட் தொட்டிகள். அமெரிக்க ஆறுகளில் துள்ளித் தாவும் சால்மன் மீனுக்காக யோசித்த வடிவம் அது. மீகாங் மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படித் துள்ளத் தெரியாது. நம் ஊர்க் கெண்டையைப் படியேறச் சொன்னால் ஏறுமா?

உலக அணைகள் ஆணையம் 2000-ஆம் ஆண்டு இந்த அணையை ஆராய்ந்தது. அதைப் போராட்டக்காரர்களின் குழு என்று நினைத்துவிடாதீர்கள். நர்மதை அணையை எதிர்த்துப் போராடிய மேதா பட்கரும் ஏபிபி என்ற பெரிய மின்பொறியியல் நிறுவனத்தின் தலைவரும் ஒரே மேசையில் உட்கார்ந்த ஆணையம் அது. அதன் கணக்குப்படி, அணைக்கு முன்பு மூன் படுகையில் பதிவான மீன் வகைகள் 265. பிறகு அணைக்கு மேல்பக்கம் கிடைத்தவை 96. மின்சாரமாவது கிடைத்ததா? 136 மெகாவாட் என்று அறிவித்தார்கள். தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் நம்பி எடுக்கக்கூடியது 21 மெகாவாட்தான் என்று ஆணையம் கண்டது. மழைக்காலத்தில் மீகாங் ஏறி நின்றால் அணைக்கு இரண்டு பக்கமும் நீர்மட்டம் ஒன்றாகிவிடும், சக்கரம் சுற்றாது.

1999 மார்ச்சில் ஆயிரக்கணக்கான கிராமத்து மக்கள் அணைக்கே வந்து குடிசை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அந்தக் குடிசை ஊருக்கு ‘மே மூன் மன் யூன்’ என்று பெயர் வைத்தார்கள். மூன் தாய் நிலைத்திருப்பாள் என்று பொருள். அந்தக் குடிசைகளுக்குப் பிறகு தீ வைக்கப்பட்டது. சனங்கள் மறுபடி கட்டினார்கள்.

இவர்களுக்கு உலகம் துணை நின்ற கதைக்கு வருகிறேன். உலக வங்கி நிர்வாகக் குழு 1991 டிசம்பரில் கடனுக்கு வாக்கெடுத்தபோது அமெரிக்கா, ஜெர்மனி, ஆஸ்திரேலியா நாட்டு இயக்குநர்கள் எதிர்த்தார்கள். அந்த அறையில் அப்படி நடப்பது அபூர்வம். அந்தந்த நாட்டுச் சூழலியல் அமைப்புகள் ‘எங்கள் வரிப்பணம் அங்கே என்ன செய்கிறது?’ என்று விடாமல் கேட்டதன் பலன் அது. ஆனாலும் கடன் நிறைவேறியது. நர்மதையிலும் இதே கதைதான். ஜப்பானில் எழுந்த எதிர்ப்பால் 1990-இல் அந்நாட்டு அரசு நிதியை நிறுத்தியது, 1993-இல் உலக வங்கியும் விலகியது, ஆனாலும் சர்தார் சரோவர் அணை எழுந்து 2017-இல் திறப்பு விழா கண்டது. வெளிநாட்டுத் தோழமை அணையை நிறுத்திவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

‘வெளிநாட்டுச் சதி’ என்ற பேச்சு தாய்லாந்திலும் உண்டு, நம் நாட்டிலும் உண்டு. கடன் வாஷிங்டனிலிருந்து வந்தபோது அதை யாரும் வெளிநாடு என்று சொல்லவில்லை. அந்தக் கடனைப் பற்றிக் கேள்வி கேட்டு ஒரு கடிதம் வந்தால் மட்டும் எல்லை ஞாபகத்துக்கு வருகிறது.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். 2001 ஜூனில் தாய்லாந்து அரசு பாக் மூன் அணையின் எட்டு ஷட்டர்களையும் திறந்தது. ஓராண்டு சோதித்துப் பார்க்கலாம் என்றது. ஒரு பல்கலைக்கழகம் ஓர் ஆய்வைத் தொடங்கியது. கிராமத்துக்காரர்கள் தாங்களே இன்னோர் ஆய்வைத் தொடங்கினார்கள். அதற்கு ‘தாய் பான்’ ஆய்வு என்று பெயர். ஊர்க்காரர் ஆய்வு என்று சொல்லலாம். வலையில் மீன் விழுந்ததும் உள்ளங்கையில் வைத்துப் படம் எடுப்பார்கள். ஊர்ப்பெயரை எழுதுவார்கள். எந்தப் பருவம், எந்தப் பாறை இடுக்கு, எந்தப் பறியில் விழுந்தது என்று குறிப்பார்கள். எழுதத் தெரியாத கிழவர் சொல்ல, பேரன் எழுதுவான். ஆண்டு முடிவில் எண்ணிப் பார்த்தபோது 156 வகை மீன்கள் திரும்பி வந்திருந்தன.

அந்தக் கணக்கை அடுத்த நாட்டுக்காரர்கள் கையில் எடுத்துப் போனார்கள். மீகாங் கரையின் மற்ற ஊர்களிலும் இதே முறையில் மீனவர்கள் தங்கள் ஆற்றை எண்ணத் தொடங்கினார்கள். பாவப்பட்டவர்களைப் பார்த்து உச்சுக்கொட்டுவதை நான் தோழமை என்று சொல்ல மாட்டேன். அவர்கள் எண்ணியதை எண்ணிக்கையாக ஏற்று, கடன் பத்திரம் கையெழுத்தாகும் மேசை வரை சுமந்து போவதைத்தான் தோழமை என்பேன்.

அணைகளுக்கு எதிரான உலக நாளாக நாம் கூடியிருக்கும் இந்த மார்ச் 14-க்கும் அப்படி ஒரு பிறப்பு உண்டு. 1997-இல் பிரேசிலின் குரிச்சிபா நகரில், இந்தியா உட்பட 20 நாடுகளின் அணைப் பாதிப்பாளர்கள் கூடி இந்த நாளைக் குறித்தார்கள். அடுத்த பெருங்கூட்டம் 2003-இல், இதே மூன் ஆற்றின் மேல்பகுதியில், ராசி சலாய் என்ற ஊரில் நடந்தது. அங்கேயும் ஓர் அணை உண்டு. போராடி அதன் ஷட்டர்களைத் திறக்க வைத்திருந்தார்கள். 60-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 300-க்கும் அதிகமானோர் வந்திருந்தார்கள்.

பாக் மூனில் ஆய்வு செய்த அந்தப் பல்கலைக்கழகமே ஐந்தாண்டு திறந்து வையுங்கள் என்றது. அரசு 2002-இல் வருஷத்துக்கு நான்கு மாதம் என்று முடிவு செய்தது. அதற்கும் ஒவ்வோர் ஆண்டும் மனு, ஒவ்வோர் ஆண்டும் இழுபறி. மீன் மனு பார்த்தா ஏறும்?

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஷட்டர்களை ஆண்டு முழுக்கத் திறந்து வையுங்கள் என்று அந்த மக்கள் கேட்கிறார்கள். அதையே நாமும் ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, வெளியே செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் வைத்திருக்கிறோம். பாங்காக்குக்குப் போகிற தாள் அது. வீட்டுக்குக் கிளம்புமுன் கையெழுத்துப் போடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் உங்கள் ஊர் ஆற்றின் பெயரையும் எழுதுங்கள்.