ஓர் ஊரும் ஒரு பெயரும்: கிட்டகாட்டா ராமென் சுற்றுலா

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம எல்லாக் குழுவோட பொருளுக்கும் ஒரே பெயர் வைக்கணும், அதைப் பதிவு பண்ணணும்னு ரொம்ப நாளாப் பேச்சு நடக்குது. இந்தப் பேச்சு சூடா இருந்த நேரத்தில் நான் ஜப்பானில் மகள் வீட்டில் இருந்தேன். போனதைப் பற்றி விழாவில் பேசச் சொன்னார் தலைவி. கோயில், ரயில் எல்லாம் பார்த்தேன்தான். அதை வீட்டுக்கு வந்தால் படம் காட்டிச் சொல்கிறேன். இங்கே சொல்ல வேண்டியது ஒரு சாப்பாட்டுச் சுற்றுலாவைத்தான்.

கிட்டகாட்டா என்று ஒரு சின்ன நகரம். ஃபுகுஷிமா மாகாணத்தில், மலைக்கு நடுவில் இருக்கிறது. டோக்கியோவிலிருந்து வேக ரயில், அப்புறம் இரண்டு சாதாரண ரயில் மாறிப் போனோம். மொத்த ஜனமே 50,000-க்கும் குறைவு. ஆனால் ராமென் கடை மட்டும் 100 அளவில் இருக்கிறது! ராமென் என்றால் சூடான சாறில் போட்டுத் தருகிற கோதுமை நூடுல்ஸ். பெயரைக் கேட்டுவிட்டு ராமர் கோயில் பிரசாதமா என்று என் சம்பந்தி கேட்டாங்க, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் எட்டுப் பேர், கூட ஒரு வழிகாட்டி அம்மா. அவங்க சொன்னதை மகள் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். காலை 7 மணிக்கே முதல் கடை. நாம இட்லிக் கடைக்குப் போகிற நேரத்தில் அந்த ஊர்க்காரங்க ராமென் சாப்பிடுறாங்க. அதற்கு ‘அசாரா’ என்றே ஒரு பெயர் இருக்கிறது, காலை ராமென் என்று அர்த்தம். இராத்திரி வேலை முடித்து வருகிற ஆலைத் தொழிலாளிகளும், விடியுமுன் வயலுக்குப் போய் வருகிற விவசாயிகளும் சாப்பிட்டுப் பழகியது என்கிறார்கள். மதியத்துக்குள் மூன்று கடை போகணும் என்பதால் சின்னக் கிண்ணமாகத் தரும்படி வழிகாட்டி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

சமையல் தெரிந்தவங்க இங்கே நிறைய பேர் இருக்கீங்க, அதனால் கிண்ணத்தில் இருந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சாறு இரண்டு விதம். பன்றி எலும்பை வேகவைத்து எடுத்தது ஒன்று. நெத்திலிக் கருவாடு மாதிரி காய்ந்த சின்ன மீனில் எடுத்தது இன்னொன்று. இரண்டையும் கலந்து, சோயா சாஸ் ஊற்றுகிறார்கள். மேலே வெண்பன்றிக் கறித் துண்டு, வெங்காயத் தாள், மூங்கில் குருத்து. பார்க்கத் தெளிவாக, நம்ம ரசம் போலத்தான் இருக்கிறது. காரம் துளியும் கிடையாது. பன்றிக்கறி பழக்கமில்லாதவங்களுக்கு அந்த ஊரில் கஷ்டம்தான், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நூடுல்ஸ்தான் அந்த ஊரின் பெருமை. தட்டையாக, சுமார் 4 மில்லிமீட்டர் அகலத்தில், சுருள் சுருளாக இருக்கிறது. மாவில் அப்பளக்காரம் மாதிரி ஒரு காரம் சேர்க்கிறார்கள். அப்பளம் போடுகிற குழுவுக்கு அது என்ன செய்யும் என்று தெரியும். மற்ற ஊர்களைவிடத் தண்ணீரும் அதிகம் விட்டுப் பிசைந்து, மாவை ஓய்வாக வைத்த பிறகுதான் வெட்டுகிறார்கள். வாயில் வைத்தால் வழுக்கிக்கொண்டும் போகிறது, மெல்லவும் இருக்கிறது.

இந்த ஊருக்கு ராமெனைக் கொண்டுவந்தவர் சீனாவிலிருந்து வேலை தேடி வந்த ஓர் இளைஞர். 1920-கள் வாக்கில், சுரங்கத்தில் வேலை கிடைக்காமல், தள்ளுவண்டியில் நூடுல்ஸ் விற்க ஆரம்பித்தார். அந்த வண்டிதான் பிறகு ‘கென்ராய்கென்’ என்ற கடையானது. கேட்டவர்களுக்கெல்லாம் தொழிலைச் சொல்லிக் கொடுத்தார், அதனால்தான் இத்தனை கடை என்று அங்கே சொல்கிறார்கள்.

அப்படியும் ரொம்ப காலம் அது உள்ளூர்ச் சாப்பாடுதான். வெளியூர்க்காரங்க முதலில் வந்தது ராமெனுக்காக இல்லை. ஊரில் 4,000-க்கும் மேல் பழைய கிடங்கு வீடுகள் உண்டு. அரிசி மதுவும் சோயா சாஸும் வைக்கத் தடித்த மண் சுவர் வைத்துக் கட்டியவை. 1970-களில் அதைப் படம் பிடிக்க ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கு மதியம் பசிக்குமில்லையா? கிடைத்தது ராமென். அந்தப் பசியை ஊர் விடாமல் பிடித்துக்கொண்டது. 1987-இல் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். கடைகளைக் குறித்து வரைபடம் போட்டு, வருகிறவர் கையில் கொடுத்தார்கள். போட்டிக் கடையின் இடத்தையும் தன் கடை வரைபடத்தில் காட்டுவது சின்ன விஷயம் இல்லை.

இப்போது நம்ம விஷயத்துக்கு வருகிறேன். 2006-இல் ஜப்பானில் ஒரு புது ஏற்பாடு வந்தது. ஊர்ப் பெயரும் பொருளின் பெயரும் சேர்ந்த பெயரை, அந்த ஊர்ச் சங்கமே வணிகக் குறியாகப் பதிவு செய்துகொள்ளலாம். ‘கிட்டகாட்டா ராமென்’ என்ற பெயருக்குச் சங்கம் அதே வருஷம் மனுப் போட்டது. அலுவலகம் மறுத்தது. சங்கம் வழக்குப் போட்டது. அறிவுசார் சொத்து உயர் நீதிமன்றம் 2010-இல், மறுத்தது சரிதான் என்றது. 2012-இல் உச்ச நீதிமன்றத்திலும் அதே முடிவு.

காரணம் என்ன? ஊரில் இருந்த ராமென் கடைகளில் பாதி கூடச் சங்கத்தில் இல்லை. வெளியே இருந்தவர்களும் அதே பெயரில் எத்தனையோ வருஷமாக விற்றுவந்தார்கள். போதாததற்கு வெளியூர்களிலும் அந்தப் பெயரில் கடைகள். அப்படியிருக்க, அந்தப் பெயரைக் கேட்டால் ஜனங்களுக்கு உங்கள் சங்கம்தான் நினைவுக்கு வரும் என்று எப்படிச் சொல்ல முடியும் என்பதுதான் கேள்வி.

இதைக் கேட்டபோது எனக்குச் சங்கத்தின் பக்கம்தான் மனசு போனது. கூட்டம் போட்டதும், வரைபடம் அடித்ததும் அவங்க. பலனை மட்டும் மற்றவங்களும் அனுபவிக்கிறாங்க. கூட்டத்துக்கே வராமல் கடன் தீர்மானத்தில் மட்டும் கையெழுத்துப் போட வருகிறவங்க மேல் நமக்கு வருகிற எரிச்சல்தான் அது. ஆனால் யோசித்தால் நீதிமன்றம் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. சங்கத்தில் சந்தா கட்டாததால் ஒரு கடையின் ராமென் வேறு ஊர் ராமென் ஆகிவிடுமா?

ஊர்ப் பெயர் சோறும் போடும், சோற்றைக் கெடுக்கவும் செய்யும். 2011-இல் ஃபுகுஷிமா கடலோரத்தில் அணு உலை விபத்து நடந்தது. கிட்டகாட்டா அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. ஆனாலும் மாகாணத்தின் பெயரைக் கேட்டே வெளியூர்க்காரங்க வரப் பயந்தாங்க. அந்த அடி உறுப்பினர் கடை, உறுப்பினர் அல்லாத கடை என்று பார்த்தா விழுந்திருக்கும்?

நம்ம வட்டாரத்திலும் கூட்டமைப்பில் சேராத குழுக்கள் இருக்கு. அவங்களும் இதே அப்பளம், இதே ஊறுகாய்தான் போடுறாங்க. பெயர் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசும்போது அந்தக் கணக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு பேசணும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கிட்டகாட்டா சங்கம் வழக்கில் தோற்ற பிறகும் கலைந்துவிடவில்லை. அவங்க வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன், அந்த மேசையில் இருக்கு. எழுத்து புரியாது, ஆனால் கடைகளைக் குறித்திருக்கிற விதத்தைப் பாருங்க. அன்றைக்கு மூன்றாவதாக வழிகாட்டி அம்மா கூட்டிப்போன கடை மட்டும் அதில் இல்லை. சங்கத்தில் இல்லாத கடையாம். வயசான அம்மா ஒருத்தரும் அவங்க மருமகளும் நடத்துறாங்க. நூடுல்ஸ் கொஞ்சம் தடிமன், சாறு அதேதான்.