தேவர்கள் உணவில் ஈயமும் காட்மியமும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சாக்லெட். பகுத்தறிவுக் கூட்டத்தில் குழந்தைகள் மிட்டாய்க்கு என்ன வேலை என்று சிலர் சிரிக்கலாம். மனிதன் வாய்க்குள் போகும் எந்தப் பண்டத்துக்கும் பகுத்தறிவு வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

சாக்லெட் என்பது கோக்கோ மரத்தின் விதையிலிருந்து செய்யப்படுவது. 1753-ல் லின்னேயஸ் என்ற தாவர சாஸ்திரி அம்மரத்துக்குத் தியோப்ரோமா என்று பேர் வைத்தார். கிரேக்க பாஷையில் அதற்குத் "தேவர்கள் உணவு" என்று அர்த்தமாம். தேவர்கள் அதைத் தின்றதை எவரும் கண்டதில்லை. தின்கிறவர்கள் மனிதர்கள், ஆசையோடு தின்கிறவர்கள் குழந்தைகள். ஆதலால் தேவர்களை விட்டுவிட்டுக் குழந்தைகள் கதியைப் பார்ப்போம்.

2022-ம் வருஷம் டிசம்பரில் அமெரிக்காவில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற ஸ்தாபனத்தார், 28 வகைக் கறுப்புச் சாக்லெட்டுகளைச் சோதித்ததை வெளியிட்டார்கள். இருபத்தெட்டிலும் ஈயமும் காட்மியமும் இருந்தன. தினம் ஒரு அவுன்ஸ் தின்றால், அவற்றில் 23 வகைகள், கலிபோர்னியா மாகாணம் வகுத்த அளவை இரண்டில் ஒரு உலோகத்திலாவது தாண்டிவிடும் என்று கண்டார்கள். அந்த அளவு நாளொன்றுக்கு ஈயம் 0.5 மைக்ரோகிராம், காட்மியம் 4.1 மைக்ரோகிராம். இது மிகவும் கண்டிப்பான அளவுதான். அதைத் தாண்டியதும் யாரும் விழுந்து செத்துவிடப் போவதில்லை.

ஆனால் இவை இன்று உள்ளே போய் நாளை வெளியே வந்துவிடும் சரக்கல்ல. காட்மியம் சிறுநீரகத்தில் பத்து வருஷத்துக்கு மேலும் குடியிருக்கும். ஜப்பானில் ஜின்சு நதிக்கரையில் சுரங்கக் கழிவிலிருந்த காட்மியம் நெல் வயலில் ஏறி, சோறு தின்ற ஸ்திரீகளின் எலும்புகள் முறிந்தன. அந்நோய்க்கு "வலிக்குதே, வலிக்குதே" என்பதையே பேராக வைத்தார்கள். 1968-ல்தான் அங்குள்ள சர்க்கார் காரணத்தை ஒப்புக்கொண்டது. சாக்லெட்டில் இருப்பது அவ்வளவு அல்ல. ஆனாலும் அதே உலோகந்தான். ஈயமோ குழந்தைகளின் மூளையைக் கெடுப்பது. அதில் தீங்கற்ற அளவென்று எதுவும் தெரியவில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனமே சொல்லுகிறது.

நிற்க, இவை எப்படி வந்தன? தலைவிதி என்றால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். பரிகாரமும் இல்லாமற் போகும். காரணம் என்ன என்று கேட்டால் வழி பிறக்கும். காட்மியம் மண்ணிலிருந்து வேர் வழியாக விதைக்குள் ஏறுகிறது. ஈக்வடார், பெரு, கொலம்பியா முதலிய தேசங்களில் சில இடத்து மண்ணில் அது அதிகம். ஈயம் அப்படியல்ல, பெரும்பாலும் அறுவடைக்குப் பிறகு, விதையைத் தரையிலும் ரஸ்தா ஓரத்திலும் காயப்போடும்போது, தூசியாக வந்து தோலில் ஒட்டிக்கொள்ளுகிறது. ஒன்று மண் செய்வது. மற்றொன்று மனிதன் அசட்டையால் செய்வது.

பரிகாரமும் அப்படியே. புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்பு இடலாம். காட்மியத்தைக் குறைவாக இழுக்கும் ரகங்களை நடலாம். ஈயத்துக்கோ, விதையைத் தரையில் கொட்டாமல் மேடைமேல் மூடி உலர்த்தித் தோலைச் சுத்தமாக நீக்கினாலே பெரும்பகுதி குறையும். இதற்கு யாகமும் வேண்டாம், சாந்தியும் வேண்டாம்.

ஐரோப்பிய யூனியன் 2019 முதல் காட்மியத்துக்கு வரம்பு கட்டியிருக்கிறது. பாதிக்குமேல் கோக்கோவுள்ள சாக்லெட்டில் கிலோவுக்கு 0.80 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. நல்ல சட்டந்தான். ஆனால் வரம்புக்கு மேற்பட்ட விதை விலைபோகாவிட்டால் நஷ்டம் யாருக்கு? நாலைந்து ஏக்கர் வைத்திருக்கும் ஏழைக் குடியானவனுக்கு. மண்ணில் காட்மியத்தை அவனா போட்டான்? மண்ணைச் சோதிக்கிற செலவையும் சுண்ணாம்புச் செலவையும், அவன் விதையால் பணம் சம்பாதிக்கும் முதலாளி ஏற்பதல்லவா நியாயம்?

இன்னும் சிலர், இது இயற்கைப் பண்டம், ஆதலால் கெடுதியில்லை என்பார்கள். பாம்பு விஷமும் இயற்கைதானே! கறுப்புச் சாக்லெட் உடம்புக்கு நல்லது என்று விளம்பரம் செய்கிறார்கள். கோக்கோ அதிகமானால் அதிலுள்ள உலோகமும் அதிகமாகும் என்பதை ஏன் சேர்த்துச் சொல்லுவதில்லை?

தோழர்களே! பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலும் கோக்கோ ஊடுபயிராக இருக்கிறது. அதை வளர்ப்பவர்கள் விதையை ரஸ்தாவில் காயப்போடாதீர்கள். வாங்குகிறவர்கள் பயந்து நடுங்க வேண்டாம். என்றைக்கோ ஒரு துண்டு தின்பதால் குடி மூழ்காது. ஆனால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தினசரிப் பழக்கமாக்காதீர்கள். சோதித்த கணக்கைக் காட்டு என்று கம்பெனிகளைக் கேளுங்கள்.

நாம் சொல்லுவதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். விசாரித்து, யோசித்து, சரியென்று பட்டால் மாத்திரம் ஒப்புக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.